வேகத்தைக் கூட்டினோம், வேலை மெதுவானது: ஒரு எஃப்எக்ஸ்-8350-ம் நாலு ஃபேஸ் மதர்போர்டும்

2014 மே மாதம், அக்னி நட்சத்திரத்தில் ஒரு மதியம். பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் ஸ்டுடியோ அண்ணாச்சி போன் செய்தார். "தம்பி, வேகத்தைக் கூட்டுன பொறவுதான் மெதுவாப் போவுது. என்ன கணக்குன்னே புரியல. செத்த வந்து பாத்துட்டுப் போங்க."

வைகாசி முகூர்த்தங்கள் வரிசையாக நின்ற நேரம். ஒரு நாள் ரெண்டர், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக ஆக்கும் வேலை, தள்ளிப்போனால் அடுத்த வாரம் முழுக்கத் தள்ளும். அன்று சாயங்காலமே போனேன்.

அண்ணாச்சியின் எடிட்டிங் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தது ஒரு கடை. பிராசசர் ஏஎம்டி எஃப்எக்ஸ்-8350. 2012 அக்டோபரில் வந்தது, 4 மாட்யூல், மாட்யூலுக்கு இரண்டாக 8 கோர், 4.0 கிகாஹெர்ட்ஸ், 125 வாட். வீடியோ ரெண்டர் போல எல்லாக் கோரையும் ஒரே நேரத்தில் பிழிந்தெடுக்கும் வேலைக்கு, அன்றைய விலையில் நல்ல தேர்வு. ஆனால் அது உட்கார்ந்திருந்த மதர்போர்டு, பிராசசர் பொருந்தும் அந்த சாக்கெட்டுக்குக் கிடைத்தவற்றிலேயே மிகச் சிக்கனமான வகை. 760ஜி சிப்செட், சின்ன மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவு, பிராசசருக்குக் கரண்ட் கொடுக்கும் பகுதியில் 4+1 ஃபேஸ் (ஃபேஸ் என்றால் என்ன என்று பிறகு சொல்கிறேன்), அங்கே கரண்டைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் சிப்புகள் மேல் சூடு இறக்கும் உலோக ஹீட்சிங்க் கிடையாது, 12 வோல்ட் வர நாலு பின் கனெக்டர் மட்டும். எந்த நிறுவனத்தின் போர்டு என்பது முக்கியமில்லை. அந்த விலையில் அன்று எல்லோருமே ஏறக்குறைய இப்படித்தான் போர்டு செய்தார்கள்.

அண்ணாச்சியின் தங்கை மகன் கல்லூரி லீவுக்கு வந்திருந்தான். எஃப்எக்ஸ் வரிசையில் எல்லாப் பிராசசரிலும் மல்டிப்ளையர், அதாவது அடிப்படை வேகத்தைப் பெருக்கும் எண், நாமே மாற்றும்படி திறந்திருக்கும் என்று படித்திருக்கிறான். படித்ததும் சரிதான். 200 மெகாஹெர்ட்ஸ் அடிப்படை, அதை 20-ஆல் பெருக்கினால் 4.0. அவன் 22.5 வைத்து 4.5 ஆக்கிவிட்டான். முதலில் ஹேங் ஆகியிருக்கிறது. மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் வோல்டேஜை ஏற்றி ஏற்றி 1.4875-ல் நிறுத்தியபோது விண்டோஸ் ஒழுங்காக வந்தது. டெஸ்க்டாப்பில் 4.5 என்று காட்டியது. அவனுக்குச் சந்தோஷம்.

அண்ணாச்சி ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ரெண்டர் நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வைப்பவர். அந்தப் பழக்கம் மட்டும் இல்லையென்றால் இந்தக் கோளாறு மாதக்கணக்கில் தெரியாமலே போயிருக்கும். ஒரே புராஜெக்டை அவர் முன்னும் பின்னும் ஓட்டியிருந்தார். 4.0-ல் சரியாக 2 மணி நேரம். 4.5-ல் 2 மணி 25 நிமிடம்.

முதலில் நான் செய்த தப்பு

மெஷின் மெதுவானால் சூடு என்று நினைப்பது கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் எங்கள் தொழிலில் கை தானாகப் போகும் இடம். ரெண்டரை ஓடவிட்டு சென்சார் பார்த்தேன். பிராசசர் வெப்பம் 58 டிகிரி. இந்தச் சிப்புக்கு வரம்பு 61 டிகிரி. அறைக்குள்ளேயே 36 டிகிரி இருந்தது, ஏசி கிடையாது. ஏஎம்டி பெட்டியோடு வரும் கூலர் உச்ச வேகத்தில் விசில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த 70 மில்லிமீட்டர் ஃபேனின் சத்தம் கேட்டவர்களுக்கு நினைவிருக்கும்.

வரம்பைத் தொட்டு நிற்கிறது, நல்ல கூலர் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாளில் 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த ஒரு டவர் கூலர் வந்தது. பேஸ்ட் தடவி மாட்டினேன். பிராசசர் வெப்பம் 58-லிருந்து 49-க்கு இறங்கியது. சத்தமும் போயிற்று. கும்பிட்டு விடைபெற்றேன்.

மறுநாள் காலையில் போன். "தம்பி, இப்ப 2 மணி 40 நிமிசம் ஆவுது."

பிராசசரை 9 டிகிரி குளிர்வித்ததும் ரெண்டர் இன்னும் 15 நிமிடம் இழுத்துவிட்டது. இதற்குப் பிறகுதான் ஊகத்தை விட்டுவிட்டு அளக்க ஆரம்பித்தேன். முதல் நாளே அளந்திருக்க வேண்டும். அந்தக் கூலர் காசு என் யோசனையால் அண்ணாச்சி செலவழித்தது, அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நொடிக்கு நொடி பார்த்தபோது

சராசரி வேகம் காட்டும் சாஃப்ட்வேர் இதற்கு உதவாது. ஒரு நொடிக்கு ஒரு முறை மல்டிப்ளையரை எழுதி வைக்கும்படி லாக் போட்டேன். பிராசசருக்கு முழு லோடு கொடுத்துச் சோதிக்கும் பிரைம்95-ஐ எட்டுக் கோரிலும் ஓடவிட்டேன். முதல் நாலு நிமிடம் 22.5, 22.5, 22.5 என்று ஒரே சீராகப் போனது. அப்புறம் ஒரு வரியில் 7. அடுத்த வரியிலும் 7. பிறகு 22.5. மறுபடி 7.

ஏழு மடங்கு என்றால் 1.4 கிகாஹெர்ட்ஸ். அது இந்தப் பிராசசர் சும்மா இருக்கும்போது இறங்கி ஓய்வெடுக்கும் வேகம். முழு லோடில் அது அங்கே போகக் காரணமே இல்லை. பழைய கூலரை மறுபடி மாட்டி அதே லாக் எடுத்தேன். முதல் சரிவு வர ஒன்பது நிமிடம் ஆனது. அதன் பிறகு பத்து நொடியில் ஆறு நொடி 4.5-லும் நாலு நொடி 1.4-லும் ஓடியது. சராசரி போட்டால் 3.26 கிகாஹெர்ட்ஸ். 4.0-ல் இரண்டு மணி நேரம் ஆகும் வேலை 3.26-ல் எவ்வளவு ஆகும் என்று வகுத்துப் பாருங்கள், 2 மணி 27 நிமிடம் வரும். அண்ணாச்சி நோட்டில் எழுதியிருந்தது 2 மணி 25. முதல் ஒன்பது நிமிடம் முழு வேகத்தில் ஓடியதைச் சேர்த்தால் கணக்கு ஒட்டிப்போகிறது. புதுக் கூலரில் பாதி நேரம் மேலே, பாதி நேரம் கீழே. அதுவும் அவர் சொன்ன 2 மணி 40-க்கு அருகில் வந்தது.

ஆக, பிராசசரை யாரோ இழுத்துப் பிடிக்கிறார்கள். யார்?

இரண்டு பேர் மேல்தான் சந்தேகம் வர முடியும். ஒன்று, பிராசசருக்குள்ளேயே இருக்கும் ஏபிஎம் என்ற மின்சக்திக் காவல். உள்ளே எவ்வளவு வேலை நடக்கிறது என்பதைக் கொண்டு எத்தனை வாட் போகும் என்று மதிப்பிட்டு, அளவு மீறினால் வேகத்தைக் குறைக்கும். பயாஸில் அதை அணைத்துப் பார்த்தேன். சரிவு அப்படியே வந்தது. அவர் இல்லை.

மிச்சம் இருந்தவர் மதர்போர்டு. பிராசசரில் ஒரு சிக்னல் பின் உண்டு. போர்டு அதை இழுத்தால், தன் வெப்பம் எவ்வளவு என்று பார்க்காமல் பிராசசர் உடனே அடிமட்ட வேகத்துக்குப் போய்விட வேண்டும். கரண்ட் கொடுக்கும் பகுதி அளவுக்கு மீறிச் சுட்டால் போர்டு அந்தப் பின்னை இழுக்கும். அப்படி இழுத்ததை விண்டோஸ் எங்கேயும் சொல்லாது. எரர் வராது, ஹேங் ஆகாது. சென்சார் சாஃப்ட்வேரில் அந்த இடத்துக்கு ஒரு வரிகூட இல்லை, ஏனென்றால் இந்த மாதிரிப் போர்டில் மாஸ்ஃபெட் வெப்பத்தை வெளியே காட்டும் சென்சார் இல்லை. 49 டிகிரி என்று பச்சை எழுத்தில் நிம்மதியாகக் காட்டிக்கொண்டிருக்கும்.

மல்டிமீட்டரோடு வந்த வெப்பம் பார்க்கும் கம்பியை எடுத்தேன். சாக்கெட்டுக்கு இடப்பக்கம் வரிசையாக நிற்கும் கறுப்புச் சதுரங்களில் நடுவில் இருந்த ஒன்றின் மேல் சூடு தாங்கும் காப்டன் டேப்பால் ஒட்டினேன். பழைய கூலர், 4.0: இருபது நிமிடம் கழித்து 90 டிகிரியில் நின்றது. பழைய கூலர், 4.5: ஒன்பதாவது நிமிடம் 115-ஐத் தொட்டதும் வேகம் விழுந்தது. புதுக் கூலர், 4.5: அதே 115, நாலாவது நிமிடத்தில்.

மூன்று முறை திரும்ப ஓட்டினேன். மூன்று முறையும் 115-ஐ ஒட்டித்தான் விழுந்தது.

அந்த இடத்தில் என்ன நடக்கிறது

மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் கொடுப்பது 12 வோல்ட். பிராசசருக்கு வேண்டியது 1.3 வோல்ட் சுற்றி. வோல்டேஜ் குறையக் குறைய அதே வாட்டுக்குக் கரண்ட் ஏறும். 125 வாட்டை 1.325 வோல்ட்டில் கொடுக்க 94 ஆம்பியர் வேண்டும். வீட்டில் ஒரு ஏசிக்குப் போகும் கரண்ட் பத்து ஆம்பியருக்குள் இருக்கும். அதைப் போலப் பத்து மடங்கு, ஒரு தபால்தலை அகலத்துக்கு வரிசையாக நிற்கும் சில மாஸ்ஃபெட்கள் வழியாகப் போகிறது. அவை நொடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடி 12 வோல்ட்டை நறுக்கிக் கொடுக்கின்றன. பின்னால் நிற்கும் சோக் என்ற கம்பிச்சுருளும் கெப்பாசிட்டரும் அந்த நறுக்கலைச் சமன் செய்கின்றன. இப்படி ஒரு ஜோடி மாஸ்ஃபெட்டும் ஒரு சோக்கும் சேர்ந்தது ஒரு ஃபேஸ். 4+1 என்றால் நாலு ஃபேஸ் கோர்களுக்கு, ஒன்று மெமரி கண்ட்ரோலர் இருக்கும் பகுதிக்கு.

இப்போது 4.5-க்குக் கணக்குப் போடுவோம். பிராசசர் உறிஞ்சும் சக்தி வேகத்தோடு நேராக ஏறும், வோல்டேஜோடு இருமடியாக ஏறும். லோடில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தபோது சோக்கின் வெளிமுனையில் 1.425 வோல்ட் இருந்தது. வேகம் 1.125 மடங்கு, வோல்டேஜின் இருமடி 1.157 மடங்கு, பெருக்கினால் 1.3. அதாவது 125 வாட் சிப் இப்போது 163 வாட் சிப். கரண்ட் 114 ஆம்பியர். ஒரு ஃபேஸுக்கு முன்பு 23.5, இப்போது 28.5.

ஐந்து ஆம்பியர்தானே என்று தோன்றும். ஆனால் மாஸ்ஃபெட் வழியே கரண்ட் போகும்போது பிறக்கும் சூடு கரண்டின் இருமடிக்கு ஏற்ப வரும். 23.5-ன் இருமடி 552. 28.5-ன் இருமடி 812. பன்னிரண்டரை சதவீத வேகம் கேட்டதற்கு மாஸ்ஃபெட்டில் 47 சதவீதம் அதிகச் சூடு. கதை அதோடும் நிற்காது. மாஸ்ஃபெட் சுடச் சுட அதன் மின்தடை கூடும். 100 டிகிரிக்கு மேல் போனால் குளிர்ந்த நிலையில் இருந்ததைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. தடை கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் தடை கூடும். லாக்கில் கடைசி இருபது டிகிரி அவ்வளவு வேகமாக ஏறியதற்குக் காரணம் இதுதான்.

ஃபேஸ் எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதும் இங்கேதான் புரியும். சப்பரத்தை நாலு பேர் தூக்குவதற்குப் பதில் எட்டுப் பேர் தூக்கினால் ஆளுக்குப் பாதி பாரம். மாஸ்ஃபெட்டில் லாபம் அதைவிட அதிகம். பாதி கரண்ட் என்றால் ஒவ்வொன்றிலும் கால் பங்கு சூடு. எட்டையும் கூட்டினாலும் மொத்தச் சூடு பாதிதான். ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும்: பெட்டியில் எட்டு ஃபேஸ் என்று எழுதியிருப்பதையோ சோக்குகளை எண்ணுவதையோ மட்டும் நம்ப முடியாது. நாலு ஃபேஸ் கண்ட்ரோலரின் ஒவ்வொரு வெளியீட்டையும் இரண்டாகப் பிரித்து எட்டு ஆக்கிய போர்டுகளும் எட்டு என்றே விற்கும். சூட்டைப் பகிர்வதில் அது நிஜமான உதவிதான், அதனால் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். சின்ன, மலிவான மாஸ்ஃபெட் எட்டு இருப்பதைவிட நல்ல மாஸ்ஃபெட் ஆறு மேல் என்பதும் உண்டு.

சரி, புதுக் கூலர் ஏன் நிலைமையைக் கெடுத்தது? பெட்டியோடு வரும் கூலர் காற்றைக் கீழ்நோக்கி, போர்டைப் பார்த்து ஊதும். கூலரின் துடுப்புகள் வழியாக இறங்கிய காற்று சாக்கெட்டைச் சுற்றி நாலா பக்கமும் வழிந்து ஓடும். அந்த வழிசலில்தான் இந்த மாஸ்ஃபெட்கள் இவ்வளவு நாளும் உயிர் பிழைத்து வந்திருக்கின்றன. டவர் கூலர் காற்றைப் போர்டுக்கு இணையாக, மேலேயே தள்ளி விடுகிறது. கீழே மாஸ்ஃபெட் இருக்கும் இடத்தில் ஒரு திரி நூலைப் பிடித்துப் பார்த்தேன், ஆடவே இல்லை. பழைய கூலரில் அதே நூல் படபடவென்று அடித்தது. வாட்டர் கூலிங் போட்டிருந்தால் இன்னும் மோசம், சாக்கெட் பக்கம் ஃபேனே இருக்காது. இந்தச் சாக்கெட்டுக்கு வந்த சில போர்டுகளின் பிராசசர் பட்டியலில், பெரிய சிப்புகளுக்கு எதிரே மேலிருந்து கீழே ஊதும் கூலர் போடவும் என்று ஒரு சின்னக் குறிப்பு இருக்கும். அதைப் படிப்பவர் குறைவு. நானும் அன்றுவரை படித்ததில்லை.

போர்டின் விவரத்தில் இருக்கும் 125 வாட் சப்போர்ட் என்ற வரிக்கும் இதே அர்த்தம்தான். கம்பெனி வேகத்தில், கம்பெனி வோல்டேஜில், கம்பெனி கூலர் ஊதும்போது தாங்கும். மேலே போக இடம் வைத்திருக்கிறோம் என்று அந்த வரி எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

வோல்டேஜ் தொய்வும் நாலு பின்னும்

பயாஸில் 1.4875 வைத்தவன் லோடில் பெற்றது 1.425 தான் என்று சொன்னேன் இல்லையா. கரண்ட் ஏறும்போது வோல்டேஜ் இப்படித் தொய்வது இயல்பு, ஓரளவுக்கு வேண்டுமென்றே வடிவமைப்பதும்கூட. நல்ல போர்டுகளில் லோட்-லைன் காலிப்ரேஷன் என்ற ஒரு அமைப்பு இருக்கும், தொய்வை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கலாம் என்று நாமே சொல்லலாம். இந்தப் போர்டில் அந்த மெனுவே இல்லை. அதனால் பையன் தொய்வுக்கும் சேர்த்து மேலே ஏற்றி வைத்திருந்தான். விளைவு, மெஷின் சும்மா இருக்கும்போது 1.48 வோல்ட் தேவையில்லாமல் சிப்பின் மேல் நிற்கிறது.

இதற்கு முன்பு அவன் அடிப்படை 200-ஐயே 225 ஆக்கவும் முயன்றிருக்கிறான். அதோடு 1600 வேக மெமரியும் 1800-க்கு ஏறிவிடும், பிராசசரைச் சிப்செட்டோடு இணைக்கும் ஹைப்பர்டிரான்ஸ்போர்ட்டும் ஏறும். எது தாங்காமல் விழுந்தது என்று பிரித்துச் சொல்லவே முடியாது. மல்டிப்ளையரைத் தொடுவதுதான் சரியான வழி. அந்த விஷயத்தில் அவன் நல்ல இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருந்தான்.

என்னைப் பயமுறுத்தியது கனெக்டர். மாஸ்ஃபெட் பகுதி 85 சதவீதம் திறனோடு வேலை செய்வதாக வைத்தால், 163 வாட் கொடுக்க அது எஸ்எம்பிஎஸிடமிருந்து 192 வாட் வாங்க வேண்டும். 12 வோல்ட்டில் 16 ஆம்பியர். நாலு பின்னில் கரண்ட் வர இரண்டு மஞ்சள், திரும்பிப் போக இரண்டு கறுப்பு. அதாவது ஒரு மஞ்சள் ஒயரில் 8 ஆம்பியர், மணிக்கணக்காக, 36 டிகிரி அறையில், மூடிய கேபினெட்டுக்குள். மெஷினை அணைத்துவிட்டு அந்தக் கனெக்டரைக் கழற்றினேன். இழுக்கும்போதே வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் மஞ்சள் ஒயர்கள் நுழையும் இரண்டு துளைகளின் விளிம்பு மட்டும் பழுப்பாக மாறியிருந்தது. கறுப்பு ஒயர் பக்கம் வெள்ளையாகவே இருந்தது. அதே மே மாதம் இன்னும் இரண்டு வாரம் 4.5-ல் ஓடியிருந்தால், வேகம் குறைந்ததோடு விஷயம் நின்றிருக்காது.

எட்டுப் பின் கனெக்டர் வைத்த போர்டில் அதே கரண்ட் நாலு மஞ்சள் ஒயரில் பிரியும். ஒவ்வொன்றிலும் 4 ஆம்பியர். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே நாலு பின் போர்டில் யாராவது ஓவர்கிளாக், அதாவது கம்பெனி வேகத்துக்கு மேல் ஓட்டுவது, பற்றிக் கேட்டால் இன்றைக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பிராசசர் மேல் பழி இல்லை என்பதற்கு

ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. ஒருவேளை இந்தச் சிப்பே 4.5 தாங்காத சிப்போ? இந்தக் குடும்பம் மேலே போகக்கூடியது என்பது எல்லோருக்கும் தெரியும். 2011-ல் இதன் முந்தைய தலைமுறை எஃப்எக்ஸ்-8150 ஒன்றில் ஒரே ஒரு மாட்யூலை மட்டும் ஓடவிட்டு, திரவ ஹீலியம் ஊற்றி, 8.429 கிகாஹெர்ட்ஸ் வரை கொண்டுபோய் கின்னஸில் பதிவு செய்தார்கள். அது கண்காட்சி வேலை, நம் வீட்டு நிலவரத்துக்கு உதவாது. நமக்கு உதவுவது 2013-ல் ஏஎம்டியே அறிவித்த எஃப்எக்ஸ்-9590. அதே சாக்கெட், அதே வகைச் சிப், 4.7-லிருந்து 5.0 கிகாஹெர்ட்ஸ், ஆனால் 220 வாட். சாக்கெட் பொருந்துகிறது என்பதற்காக எல்லாப் போர்டிலும் அதைப் போட்டுவிட முடியாது, பட்டியலில் இருக்கும் சில உறுதியான போர்டுகளில் மட்டும்தான். கம்பெனியே விற்ற ஓவர்கிளாக் என்று அதைச் சொல்லலாம், அதன் நிபந்தனை முழுக்க மதர்போர்டைப் பற்றியதாக இருந்தது.

தெரிந்த கடை ஒன்றில் 990எஃப்எக்ஸ் போர்டு ஒன்றை ஒரு ராத்திரிக்கு இரவல் வாங்கினேன். 8+2 ஃபேஸ், மாஸ்ஃபெட் மேல் செம்புக்குழாய் ஓடும் ஹீட்சிங்க், எட்டுப் பின். அண்ணாச்சியின் அதே பிராசசர், அதே டவர் கூலர், அதே மெமரி, அதே எஸ்எம்பிஎஸ். போர்டு ஒன்றுதான் வேறு. லோடில் 1.43 வோல்ட்டில் 4.6 கிகாஹெர்ட்ஸ், விடிய விடிய. லாக் முழுக்க 23, 23, 23. பிராசசர் 58 டிகிரி. போர்டின் பின்புறம், மாஸ்ஃபெட்களுக்கு நேர் பின்னால் கம்பியை ஒட்டிப் பார்த்தேன், 79 டிகிரி. காலையில் அண்ணாச்சியின் புராஜெக்டை ஓட்டினோம். 1 மணி 45 நிமிடம். அவரே நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

"அப்ப சிப்பு நல்ல சிப்புதான்." 

"நல்ல சிப்புதான் அண்ணாச்சி."

முகூர்த்தம் முடியும்வரை

போர்டு மாற்ற வேண்டும் என்றால் விண்டோஸ், எடிட்டிங் சாஃப்ட்வேர் லைசென்ஸ் எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். மே மாதத்தில் அதற்கு ஒரு நாளைக்கூட ஒதுக்க முடியாது என்றார், நியாயம்தான். இருக்கும் போர்டை வைத்து ஒப்பேற்ற வேண்டியிருந்தது.

முதலில் மாஸ்ஃபெட் மேல் சின்ன அலுமினியத் துண்டுகளை ஒட்டினேன். 115-க்குப் பதில் 108. எதிர்பார்த்ததைவிடக் குறைந்த பலன். இந்த வகை மாஸ்ஃபெட்டில் சூடு பெரும்பாலும் அடியில் இருக்கும் உலோகத் தகடு வழியாகப் போர்டின் செம்புக்குள் இறங்குகிறது. மேலே இருப்பது பிளாஸ்டிக் முதுகு, அதன் மேல் உலோகம் ஒட்டி அவ்வளவாகப் பயனில்லை. அடுத்து ஒரு 80 மில்லிமீட்டர் ஃபேனைக் கேபிள் டையால் கட்டி, மாஸ்ஃபெட்களைப் பார்த்து ஊத வைத்தேன். 94. துண்டுகளைவிட ஃபேன் இரண்டு மடங்கு வேலை செய்தது. கேபினெட்டில் சாக்கெட்டுக்குப் பின்னால் இருந்த பக்கக் கதவைக் கழற்றி வைத்தபோது இன்னும் 4 டிகிரி போனது.

இவ்வளவு செய்ததும் 4.5-க்கு மறுபடி போகலாமா என்று பையன் கேட்டான். வேகச் சரிவு வராதுதான். ஆனால் அந்தப் பழுத்த கனெக்டர் என் கண்ணிலேயே நின்றது. மாஸ்ஃபெட்டை ஒட்டி நிற்கும் கெப்பாசிட்டர்கள் 105 டிகிரிக்கு என்று குறிக்கப்பட்டவை, பக்கத்தில் பத்து டிகிரி குறைந்தாலே அவற்றின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வேண்டாம் என்றேன். எதிர்ப்பக்கமிருந்து போனோம். கம்பெனி வோல்டேஜுக்குள் இந்தச் சிப் எவ்வளவு வேகம் கொடுக்கும் என்று தேடினோம். பிராசசர் தானாக வேகத்தை ஏற்றிக்கொள்ளும் டர்போவை அணைத்தோம். மல்டிப்ளையர் 21, லோடில் 1.31 வோல்ட். ராத்திரி முழுக்க பிரைம்95 ஓடியது, ஒரு பிழை இல்லை. 4.2 கிகாஹெர்ட்ஸ். சக்தி கணக்குப் போட்டால் 4.0-ஐவிட மூன்று சதவீதம்கூட ஏறவில்லை. புதுக் கூலரோடும் கட்டிய ஃபேனோடும் மாஸ்ஃபெட் 81 டிகிரி. ரெண்டர் 1 மணி 54 நிமிடம்.

ஆறு நிமிட லாபத்துக்கா இவ்வளவு பாடு என்று கேட்கலாம். 2 மணி 40-லிருந்து 1 மணி 54-க்கு வந்தோம் என்றுதான் நான் பார்க்கிறேன். இந்தப் போர்டில் நேர்மையாகக் கிடைக்கக்கூடிய வேகம் அவ்வளவுதான், அதை முழுதாக எடுத்தோம்.

கம்பெனி விதியால் வரும் தடை

இதுவரை சொன்னது செம்பும் சூடும் போடும் தடை. போர்டு வேறு விதத்திலும் தடுக்கும், அது வேறு கதை என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்டெல்லில் 2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறையிலிருந்து, மல்டிப்ளையர் திறந்த கே வகைப் பிராசசர் வாங்கினாலும் பி67, இசட்68 போன்ற சிப்செட் இல்லாமல் எச்61 போர்டில் போட்டால் அது பூட்டிய சிப்தான். 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படையை ஏற்றலாம் என்றால், கிராஃபிக்ஸ் கார்டு இணையும் பிசிஐ எக்ஸ்பிரஸும் ஹார்டு டிஸ்க் இணையும் சாட்டாவும் அதோடு கட்டப்பட்டிருந்தன, சில சதவீதத்துக்கு மேல் நகராது. பின்னால் வந்த ஸ்கைலேக் தலைமுறையில் அந்தக் கட்டு அவிழ்ந்தது. 2015 டிசம்பரில் சில போர்டு நிறுவனங்கள் சிறப்பு பயாஸ் கொடுத்து, கே இல்லாத சிப்புகளையும் அடிப்படை வழியாக ஓவர்கிளாக் செய்ய வைத்தன. கோர் வெப்பம் தெரியாது, உள்ளிருக்கும் கிராஃபிக்ஸ் வேலை செய்யாது, ஏவிஎக்ஸ் என்ற கனமான கணக்குக் கட்டளைகளைப் பயன்படுத்தும் வேலைகள் மந்தமாகும் என்ற விலையோடு. 2016 தொடக்கத்தில் புதிய பயாஸ்களில் அந்த வழி அடைபட்டது. ஏஎம்டி பக்கம் 2017-ல் ரைசன் வந்தபோது எல்லாச் சிப்பும் திறந்தே வந்தன, ஆனால் ஏ320 போர்டில் ஓவர்கிளாக் கிடையாது, பி350-க்கும் எக்ஸ்370-க்கும் போக வேண்டும். வாங்குவதற்கு முன் சிப்செட் பெயரைப் பார்த்தாலே இந்தத் தடை தெரிந்துவிடும். மாஸ்ஃபெட் தடை அப்படித் தெரியாது. அதே 2017-ல் விலை உயர்ந்த எக்ஸ்299 போர்டுகளில்கூட, மாஸ்ஃபெட் மேல் துடுப்பே இல்லாத அலங்கார மூடிகளை வைத்து, ஓவர்கிளாக் செய்ததும் கொதித்ததைப் பலர் அளந்து காட்டினார்கள். சூடு இறங்கத் துடுப்பும் காற்றும் வேண்டும், விலைச்சீட்டு அதைச் செய்யாது.

ஆடியில்

ஆடி பிறந்தது, கல்யாணங்கள் நின்றன. அண்ணாச்சி 8+2 ஃபேஸ் போர்டு ஒன்றை வாங்கினார். பழைய போர்டைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். மாஸ்ஃபெட்களுக்கு நேர் பின்னால், இரண்டு விரல் அகலத்துக்குப் பச்சை நிறம் மங்கி, ரொட்டி கருகினது போல ஒரு பழுப்புப் பட்டை. பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் தன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

அந்தப் போர்டைத் தூக்கிப் போடவில்லை. 95 வாட் எஃப்எக்ஸ்-4300 ஒன்றைப் போட்டு, அதன் சொந்த வேகத்தில், ஸ்டுடியோவின் பில் போடும் மெஷினாக வைத்தோம். கனெக்டரை மட்டும் புதிதாக மாற்றினேன். கூலர், பெட்டியோடு வந்த அதே சத்தக்காரக் கூலர்தான், கீழ்நோக்கி ஊதட்டும் என்று.